அப்பாவின் சர்க்கரையும் அம்மாவின் சர்க்கரையும்

கர்ப்பத்தில் சர்க்கரை என்று தெரிந்தால், “பிரசவம் ஆனதும் சரியாகிவிடும்” என்று தேற்றாத வீடு இல்லை. பெரும்பாலும் சர்க்கரை இறங்கியும் விடுகிறது. ஆனால் மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் கிடைத்த சான்று வேறு சொல்கிறது. 1997-98இல் அங்கே கர்ப்பிணிகளுக்கு முப்பதாவது வாரத்தையொட்டிக் குளுக்கோஸ் கொடுத்துப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு ஆறு பேருக்குச் சர்க்கரை. ஐந்து ஆண்டு கழித்து அவர்களைத் திரும்பப் பார்த்தபோது, 37 சதவீதம் பேர் நீரிழிவு நோயாளிகளாகியிருந்தார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பவர்கள் அவர்களின் பிள்ளைகள்தான். ஒன்பதரை வயதில் அந்தப் பெண்குழந்தைகளுக்குத் தோலடிக் கொழுப்பும் இன்சுலினும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல்; பையன்களிடம் இது சற்று மங்கலாகத் தெரிந்தது. பரம்பரைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகவே அப்பாவுக்கு மட்டும் சர்க்கரை இருந்த பிள்ளைகளையும் தனியே அளந்தார்கள். அவர்களிடம் அந்தக் கூடுதல் கொழுப்பு இல்லை. மரபணுவில் பாதி அப்பாவுடையது. அப்படியானால் மிச்ச வேலை கருப்பையில் நடந்திருக்க வேண்டும். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், அவள் இன்சுலின் போகாது. சிசுவின் கணையம் தானே இன்சுலினைச் சுரந்து, மிஞ்சும் சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்க்கிறது. மைசூரில் இத்தகைய பிள்ளைகள் சில டஜன் பேர்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அமெரிக்காவின் பீமா பழங்குடியினரிடம் ஒரே வயிற்றுப் பிள்ளைகளையே ஒப்பிட்டார்கள்: தாய்க்கு நீரிழிவு வந்தபின் பிறந்த பிள்ளைக்கு, அதற்கு முன் பிறந்த உடன்பிறப்பைவிட நீரிழிவு அபாயம் பல மடங்கு. அப்படிச் சர்க்கரையுள்ள தாய்க்குப் பிறந்த பெண்பிள்ளை நாளை கருவுறும்போது, சர்க்கரையோடு அடுத்த தலைமுறை தொடங்குகிறது.

சிகிச்சை கொடுத்தால் பிள்ளை தப்புமா? இங்கேதான் வாதம் இடறுகிறது. ஆஸ்திரேலியாவில் சிகிச்சை பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் நாலைந்து வயதில், சிகிச்சை பெறாத தாய்மாரின் பிள்ளைகளைவிட ஒல்லியாக இல்லை. ஆனால் அந்தச் சிகிச்சை தொடங்கியதே 24 வாரத்துக்குப் பிறகு. அதற்குள் சிசுவின் கணையம் வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே பரிசோதனையை முன்னே நகர்த்துவதுதான் வழி என்பேன். அதற்கு எளிய முறையும் இருக்கிறது. டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்திய அந்த முறையில் வெறும் வயிறு தேவையில்லை: 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ரத்தப் பரிசோதனை, 140ஐத் தொட்டால் சர்க்கரை. மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில், எல்லையோரப் பாலாறு போன்ற இடத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவளைப் பட்டினியாக வரச் சொன்னால் வருவாளா? தமிழ்நாடு 2007இலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை என்று ஆணையிட்டது. இப்போதைய குறை வேறு: பரிசோதனையில் வந்த எண் தாயின் அட்டையோடு நின்றுவிடுகிறது. அது பிள்ளையின் தடுப்பூசி அட்டையிலும் ஏற வேண்டும்.