சொன்னா அடிக்க வரமாட்டீங்களே?

சனிக்கிழமை சாயங்காலம். கீழக்குயில்குடி தாமரைக் குளம். கரையோர ஆலமரத்தடியில உங்க கேங்கோட உட்கார்ந்திருக்கீங்க. பின்னாடி சமணர் மலை. செல்ஃபி எல்லாம் எடுத்தாச்சு. அப்பதான் உங்கள்ல ஒருத்தர் ஒரு விளையாட்டை ஆரம்பிக்கிறார். ஆளுக்கு ஒரு கருத்து சொல்லணும். அது மத்த யாருக்கும் பிடிக்காத கருத்தா இருக்கணும். அவ்வளவுதான் ரூல்!

‘‘ஜிகர்தண்டா ரொம்ப இனிப்புப்பா. ரெண்டு ஸ்பூனுக்கு மேல இறங்க மாட்டேங்குது.’’

மதுரையில உட்கார்ந்துகிட்டு இதைச் சொல்ல ஒரு தில் வேணும் பாஸ்! ஆளாளுக்குச் செருப்பைத் தேட, விளையாட்டு சூடு பிடிக்குது. ‘‘கறி தோசையைவிட எங்கம்மா சுடற வெறும் தோசைதான் பெஸ்ட்’’, ‘‘முதல் நாள் முதல் ஷோ எல்லாம் வேஸ்ட்’’, ‘‘டூர்னா கொடைக்கானல்தானா? எனக்கு போர்!’’ எனத் தொடர்ந்து, கடைசியா வருது ஒரு அணுகுண்டு. ‘‘வரி கட்டறது நல்ல விஷயம்.’’

கூட்டமே கப்சிப்!

சும்மா ஜாலிக்குத்தான் பேசறோம். ஆனா, நீங்க உட்கார்ந்திருக்கிற இடம் சும்மா இடமில்லை. வரி, பயணம் ரெண்டைப் பத்தியும் ‘எல்லாரும் சொன்ன’ கருத்து ஒரு ஊரை என்ன பாடு படுத்தும்னு பார்த்த மண் இது. வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

வரியா... எனக்கா?

‘நான் ஸ்டூடண்ட். எனக்கேது வரி?’ என்பதுதான் காலேஜ் கேன்டீன்களின் ஏகோபித்த கருத்து. ஸாரி! உங்க செல்போன் ரீசார்ஜுக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு. அதாவது, நீங்க கொடுக்கிற ஒவ்வொரு 118 ரூபாயிலும் 18 ரூபாய் வரி. பைக்குக்குப் போடற பெட்ரோல் 2017-ல் வந்த ஜி.எஸ்.டி.க்குள் வரலை. ஆனா, அதுக்கு மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரியும் தனித்தனியா இருக்கு. அதனால சம்பளம் வாங்காத நீங்களும் வரி கட்டற குடிமகன்தான், குடிமகள்தான்!

‘கட்டி என்ன பிரயோஜனம்?’ அடுத்த கேள்வி இதுதானே? தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அந்த டிக்கெட் காசை யாரோ கொடுக்கத்தானே வேணும்? அரசு கஜானாதான் கொடுக்குது. அந்தக் கஜானாவில் உங்க 18 ரூபாயில் ஒரு பங்கும் இருக்கு. ‘வரியே வேஸ்ட்’ என்று சொல்றது ஈஸி. ‘என் 18 ரூபாய் எங்கே போச்சு?’ என்று கேட்கறதுதான் கஷ்டம். ஆனா, கேட்க வேண்டியது அதைத்தான்.

கூலியா? மிரட்டலா?

இப்போ இந்த ஊர்க் கதைக்கு வருவோம். அந்தக் காலத்தில் மதுரைச் சீமையில் ‘குடிகாவல்’ என்று ஒரு முறை இருந்தது. வயலையும் ஆடு மாடுகளையும் காவல் காக்கிறதுக்கு ஊரார் தானியமாகவோ பணமாகவோ கொடுப்பார்கள். திருடு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தரவேண்டும். முடியாவிட்டால் ஈடு கட்டவேண்டும். இந்த வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் பலரும் இந்தக் காவல் வேலையில் இருந்தார்கள்.

அவர்களைக் கேட்டால், ‘ராத்திரி பூரா கண் முழிக்கிறோம். இது எங்க கூலி’ என்பார்கள். கொடுத்தவர்களில் சிலரைக் கேட்டால், ‘கொடுக்கலைன்னா மறுநாள் மாடு காணாமப் போகுது. இது மிரட்டல்’ என்பார்கள். 1890-களில் திண்டுக்கல் பக்கம் விவசாயிகள் திரண்டு இந்தக் காவல் முறையை எதிர்க்கவே செய்தார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தது. உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம்.

ஆனால், வெள்ளைக்கார அரசு ஒரே ஒரு கருத்தைத்தான் கையில் எடுத்தது. ‘இவர்கள் பிறவியிலேயே குற்றவாளிகள்!’

ஊர் தாண்ட ஒரு சீட்டு

வட இந்தியாவில் 1871-ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-ல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பிரமலைக் கள்ளர்கள் மீது அது முதலில் பாய்ந்தது எங்கே தெரியுமா? 1914-ல், இதே கீழக்குயில்குடியில்!

வயது வந்த ஆண்கள் பெயரைப் பதிந்து, கைரேகை வைக்கவேண்டும். மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றே சொன்னார்கள். ராத்திரியானால் போலீஸ் சொல்லும் இடத்தில் ஆஜராக வேண்டும். பொண்டாட்டி பிரசவ வலியில் துடித்தாலும் அதே கதைதான். வெளியூர் போகணுமா? அனுமதிச் சீட்டு வாங்கணும். அதற்கு ‘ராதாரிச் சீட்டு’ என்று பெயர். போகிற ஊரிலும் அதைக் காட்டணும்.

‘டூர் போரிங்’ என்று சலித்துக்கொண்டோமே... பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகக்கூட சீட்டு கேட்டு நின்றவர்களின் ஊர் இது. நினைத்த நேரத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பறோமே, அது எவ்வளவு பெரிய சொத்து!

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி பக்கத்திலுள்ள பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் உயிரிழந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

அன்றைக்கு ‘பிறவிக் குற்றவாளி’ என்பது பேப்பர் படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள் பலரும் சாதாரணமாகச் சொன்ன கருத்து. அதை மறுப்பதுதான் யாருக்கும் பிடிக்காத கருத்து. அதைச் சொன்னவர்களில் ஒருவர், செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீலாக இருந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். அவர் இந்தச் சமூகத்தில் பிறந்தவரில்லை, இந்த ஊரும் இல்லை. இவர்களுக்காக வாதாடித்தான் அவர் பிழைக்கவேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஆனாலும் கோர்ட்டிலும் வெளியிலும் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடினார். மக்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ரோசாப்பூ துரை’. பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் சூட்டினார்கள். அவர் 1938-ல் காலமானார். முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி என்று பலரும் குரல் கொடுத்த பிறகு, 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. தான் சொன்னது ஜெயித்ததைப் பார்க்க ஜோசப் இல்லை!

யானைமலை எந்தப் பக்கம்?

‘அப்போ, கூட்டத்துக்கு எதிரா எதைச் சொன்னாலும் அது சரியா?’ என்கிறீர்களா? அவசரப்படாதீங்க. அய்யனார் கோயிலை ஒட்டிப் படியேறி மேலே வாங்க.

இதுதான் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். கீழே 9, 10-ம் நூற்றாண்டு வட்டெழுத்துக்கள். ஒரு சிற்பம் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது. இங்கே சமணப் பள்ளி நடந்தது, மாணாக்கர்கள் இருந்தார்கள். சுருக்கமா, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கேம்பஸ்!

அந்தச் சமணத் தத்துவத்தில் ‘அநேகாந்தவாதம்’ என்று ஒண்ணு உண்டு. எந்தப் பொருளுக்கும் பல பக்கம். நாம பார்க்கிறது ஒரு பக்கம். அதனால எதைச் சொன்னாலும், ‘ஒருவகையில் பார்த்தால்’ என்று சேர்த்துச் சொல்லு என்கிறது அது. மதுரைக்காரங்களுக்கு இது ஈஸியா புரியும். ஒத்தக்கடை யானைமலையை ஒரு பக்கமிருந்து பார்த்தால் படுத்திருக்கிற யானை. சுத்திப் போய் மறுபக்கம் பார்த்தால் யானையைத் தேடணும். ‘யானை இருக்கு’ என்பவரும் பொய் சொல்லலை. ‘எங்கே யானை?’ என்பவரும் பொய் சொல்லலை.

ஆனா, இதையே சாக்கா வெச்சு ‘எல்லாமே ஒருவகையில் சரிதான்’ என்று நழுவிடக் கூடாது. குடிகாவலுக்கு ரெண்டு பக்கம் உண்டு. பிறந்த குழந்தையைக் குற்றவாளி என்பதற்கு எத்தனை பக்கம் சுத்தி வந்தாலும் நியாயம் கிடையாது.

வாயைத் திறக்கும் முன்...

அடுத்த தடவை யாருக்கும் பிடிக்காத கருத்தைச் சொல்லப் போறீங்களா? மூணே மூணு கேள்வியை உங்களையே கேட்டுக்குங்க.

* இது யாரைக் குத்துது? பலசாலியைக் கேள்வி கேட்டால் தைரியம். பதில் பேச முடியாதவரைக் குத்தினால் அது வெறும் வாய்க்கொழுப்பு.

* மறுபக்கம் போய்ப் பார்த்தேனா? ஒரு தடவையாவது சுத்தி வந்துட்டுச் சொல்லுங்க.

* கைதட்டலே கிடைக்காட்டியும் சொல்வேனா? ‘ஆமாம்’னா தாராளமா சொல்லுங்க.

கூட்டத்தோட சேர்ந்து தலையாட்டும் முன்னாடியும் இதே மூணு கேள்விதான்! ‘அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான்’, ‘அந்த ஆளுங்களை நம்பக்கூடாது’... இதெல்லாம் இன்னைக்கும் ஹாஸ்டல் ரூமில் ரொம்ப சாதாரணமா வந்து விழற வார்த்தைகள். 1914-க்கு முன்னாடியும் அது சாதாரணப் பேச்சாத்தான் இருந்தது.

சரி, இருட்டிடுச்சு. படி பார்த்து இறங்குங்க, பஸ்ஸைப் பிடிக்கணும். ஜிகர்தண்டாவைக் குறை சொன்ன அந்த நண்பரை மன்னிச்சு விட்டுடுங்க. அவர் கிளாஸில் மிச்சம் இருக்கிறதைக் குடிக்கத்தான் நாம இருக்கோமே!