கொசுறும் சாவியும்

ஆயக்குடி கொய்யாச் சந்தைப் பக்கம், ரோட்டோரம் கூடை வைத்திருக்கும் அக்காவிடம் ஒரு கிலோ வாங்கிவிட்டு "இன்னும் ரெண்டு போடுங்கக்கா" என்று கேட்காதவர்கள் குறைவு. "இந்தா சாமி" என்று இரண்டு பழம் பைக்குள் விழும். அதை நான் தின்னலாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். கொசுறு கைமாறிய கணத்திலேயே கொடுத்தவரின் அதிகாரம் முடிந்துபோகிறது.

கம்ப்யூட்டர் சந்தையிலும் கொசுறு உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் ஒரு விளையாட்டு இலவசம். முன்பு குறுந்தகடாக வந்தது, இப்போது 'கீ' எனப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஒற்றை வரி. ஸ்டீம் போன்ற தளத்தில் அதை உள்ளிட்டால் விளையாட்டு நம் கணக்கில் சேரும். அதோடு அந்தச் சாவி செத்துவிடும். ஏடிஐ நிறுவனம் 2003இல் ரேடியான் 9800 எக்ஸ்டி கார்டோடு ஹாஃப்-லைஃப் 2க்குக் கூப்பன் கொடுத்தது. விளையாட்டு வந்ததோ 2004 நவம்பரில். காய்க்காத மரத்தின் பழத்தைக் கொசுறு போட்ட மாதிரி!

என் அக்கா மகன் ஒரு கார்டு வாங்கினான். "மாமா, இந்த கேம் எங்கிட்ட ஏற்கெனவே இருக்கு. ஒட்டன்சத்திரத்துல சித்தி பையனுக்குக் குடுத்துறவா?" "குடுறா, ஒன்னுதுதான" என்றேன். அவசரப்பட்டுச் சொன்ன வார்த்தை அது. ஒட்டன்சத்திரத்தில் சாவியை உள்ளிட்டபோது, உரிய கார்டு இந்தக் கணினியில் இல்லை என்று திரை கைவிரித்துவிட்டது.

'விற்பனைக்கு அல்ல' என்ற முத்திரை நமக்குப் புதிதல்ல. தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு மடிக்கணினி தரத் தொடங்கியபோது 'இலவசம்' என்ற சொல்லை விட்டு 'விலையில்லா' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. விலையே இல்லாததை எப்படி விற்பது? ஆனாலும் அரசு முத்திரையோடே சில கணினிகள் கைமாறத்தான் செய்தன. அதே 2011இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, யுனிவர்சல் மியூசிக் நிறுவனம் விளம்பரத்துக்கென்று இலவசமாக அனுப்பிய இசைத்தட்டுகளை ஒருவர் விற்றது குற்றமல்ல என்றது. கேளாமலே அனுப்பி, திருப்பிக் கேட்கவும் செய்யாத பொருள் பெற்றவருக்கே சொந்தம். அதன்மேல் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

ஆக, முத்திரை என்பது வெறும் சொல்லாடல்தான். மீறுவதற்கு இடம்விட்டே அது பேசுகிறது. சாவி அப்படியல்ல. 2017இல் என்விடியா, இலவசச் சாவிகளைத் தன் மென்பொருள் வழியாக, உரிய கார்டு பொருத்திய கணினியில்தான் திறக்க முடியும் என்று மாற்றியது. சாவிகள் தனியே விற்கப்படுவதைத் தடுக்கத்தான் இது. தடை இங்கே வாசகமாக இல்லை, இயந்திரமாகவே ஆகிவிட்டது. கார்டின் விலைக்குள் விளையாட்டின் விலையும் அடங்கியிருக்கக்கூடும் என்பதை யாரும் பேசுவதில்லை.

மார்சல் மாஸ் கொடை பற்றிய தன் 1925ஆம் ஆண்டுக் கட்டுரையில், கொடுத்தவரின் ஆவி கொடைப்பொருளில் தங்கியிருக்கிறது என்ற மாவோரி நம்பிக்கையை விவரிக்கிறார். அந்த ஆவி பொருளை ஓரிடத்தில் நிற்கவிடாது, சுற்றிவரச் செய்யும். சாவியிலும் கொடுத்தவனின் ஆவி இருக்கிறது, பொருளை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு.

சட்டத்தைக் கேட்டால்? நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 1994 திருத்தம், ஒருமுறை விற்கப்பட்ட மென்பொருள் பிரதியின் மறுவிற்பனையையும் உரிமையாளர் கையிலேயே வைத்தது. அந்த வாசகத்தை 1999 திருத்தம் நீக்கிவிட்டது. ஆனால் நிறுவனங்கள் தருவது பிரதியே அல்ல, அனுமதி என்கின்றன. ஸ்டீம் விளையாட்டுகளை மறுவிற்பனை செய்யமுடியாது என்ற தீர்ப்பை பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2024இல் உறுதிசெய்தது.

பையன்கள் இதெல்லாம் படிக்கவில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரன் போனில் தன் கடவுச்சொல்லைச் சொன்னான், இவன் தன் கணினியில் அவனாக நுழைந்து சாவியைப் போட்டான். விளையாட்டு அவன் கணக்கில் விழுந்தது. "பாஸ்வேர்ட மாத்திக்கடா" என்று இவன் சொன்னதற்கு, "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்ணே" என்றான் அவன்.