கடல் கடந்த ஆட்டப்பலகை

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வாசிகசாலை என்பது செய்தித்தாள் படிக்கும் இடமாக மட்டும் இருந்ததில்லை. மாலை நேரங்களில் ஒரு மூலையிலே கரம் பலகையைச் சுற்றி இளைஞர் கூடுவர். மற்றொரு மூலையிலே முன்னூற்றுநான்கு ஆடுவோரின் குரல் ஓங்கும். வீடுகளிலோ, மதிய உணவு முடிந்தபின் பெண்கள் விறாந்தையிலே வெண்கட்டியாற் கட்டம் கீறி, சோகிகளை உருட்டித் தாயம் ஆடுவர். இவ்வாட்டங்களில் வெற்றி தோல்வி பெரும் பொருட்டன்று. இன்று யார் வந்தார், யார் வரவில்லை என்பதே அங்கு முதலிற் கேட்கப்படும் வினா.

1983ஆம் ஆண்டு யூலை மாதத்து வன்செயல்களுக்குப் பின்னரும், 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்த பின்னரும், அவ்வினாவுக்கு விடை கூறுதல் அரிதாயிற்று. ஒரே வாங்கில் இருந்து படித்தோர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் சிதறினர். ஊரிலே தங்கியவரின் ஆட்டப்பலகை பரணுக்குச் சென்றது. இன்று அத்தகைய நண்பர்கள் பலர் இணையத்தின் வழியாக மீண்டும் ஒரு பலகையைச் சுற்றி அமர்கின்றனர். இஃது எவ்வாறு இயலுகின்றது, இதற்கு எவை வேண்டும் என்பன அறிந்துகொள்ளத்தக்கவை.

முதலில், எல்லா விளையாட்டுகளும் தொலைவைத் தாண்டுவனவல்ல. கரம் ஆட்டத்தின் உயிர் விரல் நுனியில் இருக்கின்றது. அவ்விரலின் விசையைக் கம்பியில் ஏற்றி அனுப்ப முடியாது. கணினித் திரையில் ஆடும் கரம் அதன் சாயலே அன்றி அதுவன்று. சதுரங்கமோ அவ்வாறன்று. 64 கட்டங்களுக்கும் பெயரிட்டுவிட்டால், எந்தக் காய் எங்கிருந்து எங்கே சென்றது என்பதை ஒரு சிறு குறிப்பினால் உணர்த்திவிடலாம். ஆட்டம் முழுவதும் எழுத்தாக மாறிவிடுகின்றது. எழுத்துச் செல்லும் இடமெல்லாம் ஆட்டமும் செல்லும்.

இவ்வுண்மையை மக்கள் இணையம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே கண்டுகொண்டனர். 1824ஆம் ஆண்டு இலண்டன், எடின்பரோ ஆகிய நகரங்களின் சதுரங்கக் கழகங்கள் தபால் மூலம் ஒரு போட்டியைத் தொடங்கின. அது 1828ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது, வெற்றி எடின்பரோவுக்கு. 1844ஆம் ஆண்டு வாசிங்டனுக்கும் பால்ரிமோருக்கும் இடையே தந்தி வழியாக ஆடினர். 1945ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், உலகப் போர் ஓய்ந்த வேளையில், அமெரிக்கரும் சோவியத் நாட்டினரும் பத்துப் பலகைகளில் வானொலி வழியாகப் பொருதினர். சோவியத் அணி 15½ க்கு 4½ என்ற கணக்கில் வென்றது. ஆகவே, இணையம் இவ்வழக்கத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. நான்கு ஆண்டுக் காத்திருப்பை நான்கு நொடியாகச் சுருக்கியது.

ஆயினும் தபாலும் தந்தியும் செய்யமுடியாத ஒன்றை இணையம் செய்கின்றது. சதுரங்கத்தில் யாவும் வெளிப்படை; மறைப்பதற்கு ஒன்றுமில்லை. முன்னூற்றுநான்கு அத்தகையதன்று. ஜாக்கிற்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 என ஓரினத்திற்கு 76 புள்ளிகள். நான்கு இனங்களுக்குமாக 304. ஆட்டத்தின் பெயரே இக்கூட்டுத்தொகைதான். ஒருவர் கையிலுள்ள சீட்டு மற்றவருக்குத் தெரிதல் கூடாது. துரும்பும் கவிழ்த்து வைக்கப்படும். நால்வர் நான்கு நாடுகளில் இருந்தால் சீட்டைப் பகிர்ந்து கொடுப்பவர் யார்? இங்கேதான் நடுவே உள்ள கணினி பக்கஞ்சாராத ஒருவராகப் பணிபுரிகின்றது. அது சீட்டைக் கலைக்கின்றது. அவரவர் சீட்டை அவரவர்க்கு மட்டும் காட்டுகின்றது. விதி மீறிய சீட்டை ஏற்க மறுக்கின்றது.

தாயக்கட்டையை உருட்டுவதும் அக்கணினியே. தாயத்தின் இனமான பச்சீசி ஆட்டத்தைத் தழுவி இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோ, இன்று கைத்தொலைபேசிகளில் மிகுதியாக ஆடப்படுகின்றது. அதில் ஆறு விழவில்லையென்று கணினியைக் குறைகூறுவோர் பலர். ஒரு கட்டையைப் பத்து முறை எறிந்தும் ஆறு விழாதிருத்தல் 100க்கு ஏறக்குறைய 16 தடவை நிகழக்கூடியதே. விறாந்தையிலே சோகியைத் திட்டியவர்கள் இங்கே கணினியைத் திட்டுகின்றனர், வேறுபாடு அவ்வளவே.

இவ்வாட்டங்களுக்கான இடங்களும் இன்று உள்ளன. பிரான்சு நாட்டில் 2010ஆம் ஆண்டு தோன்றிய போர்ட் கேம் அரீனா என்னும் தளத்தில் பலவகைப் பலகை ஆட்டங்கள் உண்டு. அதே நாட்டில் அதே ஆண்டு தோன்றிய லீசெஸ் சதுரங்கத்தைக் கட்டணமின்றி வழங்குகின்றது. இத்தகைய தளங்களில் இருவகையாக ஆடலாம். யாவரும் ஒரே வேளையில் அமர்ந்து ஆடுதல் ஒன்று. நாளுக்கு ஒரு நகர்த்தலாக, வசதிப்பட்டபோது ஆடுதல் மற்றொன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்ட காலத்தைப் போன்ற இடர்களிலும் அறுபடாது நிற்பது இரண்டாவது முறையே.

ஆனால், நண்பர் கூட்டத்தை நிலைநிறுத்துவது முதலாவது முறை. அதற்கு வேண்டியது குறித்த நேரம். ஞாயிற்றுக்கிழமை மாலை யாழ்ப்பாணத்தில் 5.30 மணியெனக் கொள்வோம். யூன் மாதமாயின் ரொறன்ரோவில் காலை 8 மணி. இலண்டனில் பிற்பகல் 1 மணி. சிட்னியில் இரவு 10 மணி. டிசெம்பர் மாதத்திலோ அவை முறையே காலை 7, நண்பகல் 12, இரவு 11 என மாறிவிடும். பிற நாட்டார் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தைத் திருப்புகின்றனர். யாழ்ப்பாணத்துக் கடிகாரம் மாறுவதில்லை. ஆதலின் ஊர்க் கடிகாரத்தையே அளவாகக் கொள்ளும் கூட்டங்களிற் குழப்பம் குறைவு. ஊரைவிட்டுச் சென்றவர்கள் வாரத்தில் ஒரு நாளேனும் ஊரின் நேரத்திற்கு எழுந்திருப்பதில் ஒரு நயமும் உண்டு.

கணினி காக்க இயலாத பொருளும் ஒன்றுண்டு, அது நேர்மை. 1997ஆம் ஆண்டு காஸ்பரோவ் என்னும் உலக வீரரை டீப் புளூ என்ற கணினி வென்றது. இன்றோ சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசியே அவ்வாற்றலைக் கடந்துவிட்டது. கண்காணாத் தொலைவில் இருப்பவர் அதனிடம் யோசனை கேட்டாலும், துணைவருக்கு இரகசியமாகச் செய்தி அனுப்பித் தம் சீட்டை அறிவித்தாலும், பிடிப்பது எளிதன்று. முன்பின் அறியாதாரிடையே இது பெருந் தொல்லை. நாற்பது ஆண்டு நட்பிலே இதற்குக் காவல் வெட்கம் ஒன்றே. அது போதுமானதாகவும் இருக்கின்றது. பணம் வைத்து ஆடத் தொடங்கிய அன்றே இக்காவல் தளர்ந்துவிடும். ஆகையால் பந்தயத்தை வாசற்படிக்கு வெளியே நிறுத்துதல் இன்றியமையாதது.

குடாநாட்டிலே பிள்ளைகள் யாவரும் வெளிநாடு சென்றுவிட, பெரிய வீட்டில் தனித்து வாழும் முதியோர் பலர் உளர். அவர்களிடம் விலையுயர்ந்த கைத்தொலைபேசி இருக்கின்றது, பிள்ளைகள் அனுப்பியது. அதனை இயக்கக் கற்பித்தவர் இல்லை. நலம் விசாரிக்கும் அழைப்போ ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சாப்பிட்டாயிற்றா, மருந்து எடுத்தாயிற்றா என்பதற்கு மேல் இரு புறத்தும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆட்டம் ஒன்று நடுவே இருந்தால் ஒரு மணிநேரம் போவது தெரியாது. பேச்சு இடையிடையே தானாகப் பிறக்கும், மௌனமும் பாரமாகாது. அயல்வீட்டு மாணவன் ஒருவன் இரண்டு மாலைகள் அருகிருந்து கற்பித்தால், அம்முதியவர் தம் பழைய கூட்டத்தில் மீண்டும் ஓர் இடம் பெறுவார்.

காலம் செல்லச் செல்ல, கூட்டத்தில் ஓர் இடம் வெறுமையாகும் நாளும் வரும். அவ்விடத்தைக் கணினி ஆடும் பொம்மை வீரனால் நிரப்பும் வசதி சில தளங்களில் உண்டு. எனினும் மறைந்தவரின் மகனையோ பேர்த்தியையோ அழைத்து அமர்த்துவது மேலானது. புதிதாக வருபவருக்கு விதிகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். அவ்வாறு சொல்லும்போது வாசிகசாலையின் கதையும் உடன் சொல்லப்படும். யார் வந்தார், யார் வரவில்லை என்ற பழைய வினாவைக் கேட்பதற்கு அப்போது மேலும் ஒருவர் இருப்பார்.