கப்பலில் வந்தது ஒயின்! கரையில் மணக்குது வடகம்!

நோணாங்குப்பத்துக்குப் பக்கத்தில் 2 ஆயிரம் ஆண்டு ‘சரக்கு’க் கிடங்கு

வெளிநாடுகளில் உல்லாசக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றால், பயணிகளைச் சும்மா விடமாட்டார்கள். காலையில் பஸ் தயாராக நிற்கும். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவார்கள். ஒயின் எப்படி ஊறுகிறது என்று காட்டி, ஆளுக்கு ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். மதியம் அந்த ஊர்ச் சமையலில் பாடம். சமைத்ததையே சாப்பிட வைத்து, சாயங்காலம் கப்பலில் ஏற்றி விடுவார்கள்.

இதே ஏற்பாடு புதுச்சேரியில் நடந்தால் எப்படி இருக்கும்?

கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரும். “இங்கே ஏது சார் திராட்சைத் தோட்டம்? இருக்கறதெல்லாம் பிராந்திக் கடைதான்!” என்பார்கள்.

வாஸ்தவம்தான். திராட்சைக் கொடியைப் பார்க்கக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். ஒயின் ஆலையைச் சுற்றிப் பார்க்க மராட்டிய மாநிலம் நாசிக்குக்கு ரெயில் ஏற வேண்டும். ஆனால் அந்த ஊர்களிடம் இல்லாத ஒன்று நோணாங்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த ஒயின் இறங்கிய இடம் அது!

ஒரே ஆறு, 2 கிளை

கடலூர் ரோட்டில் போகிறவர்களுக்கு நோணாங்குப்பம் படகுத் துறையைத் தெரியாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் நெரியும். படகில் ஏறி, முகத்துவார மணல் திட்டுக்குப் போய், குளித்துக் கும்மாளம் போட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

அந்தப் படகு ஓடுவது சுண்ணாம்பாற்றில். செஞ்சிப் பக்கம் இருந்து வரும் சங்கராபரணி ஆறு, கடலைத் தொடும் முன் 2 கிளையாகப் பிரிகிறது. ஒன்று சுண்ணாம்பாறு. இன்னொன்று அரியாங்குப்பம் ஆறு. அந்த இரண்டாவது கிளையின் கரையில், காக்காயன்தோப்பில் இருக்கிறது அரிக்கமேடு.

குளிக்க வரும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த மேட்டை எட்டிப் பார்க்கிறார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம்!

காட்டிக் கொடுத்தது உடைந்த ஜாடி

1944-ம் ஆண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் என்ற வெள்ளைக்காரர், சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தார். அங்கே ஓர் உடைந்த ஜாடி அவர் கண்ணில் பட்டது. பார்த்ததும் திடுக்கிட்டார். அது மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயின் அடைக்கும் ஜாடி!

“இது எங்கே கிடைத்தது?” என்று விசாரித்தார். “புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரிக்கமேட்டில்” என்று பதில் வந்தது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. வீலர் உடனே புறப்பட்டு வந்தார். 1945-ல் மண்வெட்டி இறங்கியது.

தோண்டத் தோண்டச் சான்றுகள் கிளம்பின. இத்தாலியில் செய்த பளபளப்பான சிவப்புத் தட்டுகள். கண்ணாடி மணிகள். குவியல் குவியலாக ஜாடித் துண்டுகள். ஆற்றோரத்தில் கிடைத்த செங்கல் கட்டடம் சரக்குக் கிடங்காக இருக்க வேண்டும் என்று வீலர் கருதினார். பிறகு 1947 முதல் 1950 வரை காசால் என்ற பிரெஞ்சுக்காரரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டினார்கள்.

உப்புக் கரிக்கும் ஒயின்!

அந்த ஜாடியின் பெயர் ஆம்போரா. 2 கைப்பிடி. அடி கூராக இருக்கும், தரையில் நிற்காது. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றின் இடுக்கில் ஒன்றாகச் செருகி அடுக்குவார்கள். கசியாமல் இருக்க உள்ளே பிசின் பூசுவார்கள். ஒரு ஜாடியில் சுமார் 25 லிட்டர் வரை பிடிக்கும்.

இத்தாலி ஒயினும் வந்தது. கிரேக்கத் தீவான கோஸ் ஒயினும் வந்தது. அந்தத் தீவுக்காரர்கள் ஒயினில் கடல் தண்ணீரைக் கலப்பார்கள். மாதக்கணக்கில் கெடாமல் இருக்க அது ஒரு வழி. இன்றைக்கு நம்மவருக்குக் கொடுத்தால், “என்னய்யா, உப்புக் கரிக்குது!” என்று துப்பிவிடுவார்.

ஆலிவ் எண்ணெயும், மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறும் ஜாடியில் வந்து இறங்கின. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டிய மன்னன் பருகியதைப் புறநானூற்றின் 56-வது பாட்டு சொல்கிறது. ஆக, வாங்கிக் குடித்தவர்களில் நம்மவரும் உண்டு!

கரை தட்டாத கப்பல்

அன்று பாய்மரக் கப்பல் ஆற்று முகத்துவாரத்தை நாடி வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெரிய கப்பல்கள் நடுக்கடலிலேயே நங்கூரம் போட்டன. ஆளும் சரக்கும் சலங்குப் படகில் கரை சேர்ந்தன. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு அது.

இன்றும் கதை மாறவில்லை. உல்லாசக் கப்பல் ஒட்டி நிற்கும் ஆழம் இங்கே கரையில் இல்லை. 2022 ஜூனில் சென்னையில் இருந்து வந்த சொகுசுக் கப்பலுக்கு, சூதாட்டம் நடக்கும் என்ற எதிர்ப்பால் அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் கப்பல் வந்தது. பயணிகள் சிறு படகில் கரைக்கு வந்து, ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

யாருக்கு லாபம்?

இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். காலையில் இறங்கிச் சாயங்காலம் ஏறுகிறவர் லாட்ஜில் அறை எடுப்பதில்லை. ராத்திரிச் சாப்பாடும் கப்பலில்தான். ஊருக்குக் கிடைப்பது நடுவில் உள்ள சில மணி நேரம். அந்த நேரத்துப் பணம் பாட்டில் கடைக்குப் போனால் ஒரு முதலாளிக்கு லாபம். படகுக்கும் அடுப்புக்கும் போனால் பல குடும்பம் பிழைக்கும்.

சமையல் பாடத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. பிரெஞ்சுத் தெருப் பக்கம் வெளிநாட்டாருக்கு வகுப்பு எடுக்கும் இடங்கள் இப்போதும் உண்டு. அங்கே பேசப்படும் ‘விந்தாய்’ குழம்பின் பூர்வீகத்தைக் கேளுங்கள். இறைச்சியை ஒயினிலும் பூண்டிலும் ஊறவைப்பது போர்த்துக்கீசியர் வழக்கம். அது இந்தியாவுக்கு வந்ததும் ஒயின் போய், காடி வந்தது. நம் மசாலாவும் சேர்ந்தது. பெயரில் மட்டும் ஒயின் ஒட்டிக்கொண்டு நிற்கிறது!

எல்லாவற்றையும் மிஞ்சியது தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை. விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, பகலில் வெயிலில் காயவைத்து, ராத்திரி பானையில் மூடி, மறுநாள் மறுபடி காயவைத்து உருட்டும் அதே வடகம்தான். பிரெஞ்சுக்காரர் நாக்கில் அது ‘வாதுவான்’ ஆகிவிட்டது. மேல்நாட்டுப் பெரிய ஓட்டல்களில் சமையல்காரர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். நம் வீட்டிலோ மீன் குழம்பு கொதிக்கும்போது ஓர் உருண்டை!

பலகை ஒன்று போதும்

அரிக்கமேட்டுக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் செங்கல் சுவரைப் பார்த்து, “ரோமாபுரிக்காரன் கட்டியது” என்று படம் எடுக்கிறார்கள். அது 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய கட்டடம்! ரோமர் காலத்துச் சங்கதி எல்லாம் மண்ணுக்குள். தோண்டி எடுத்தவை பாரதி பூங்காப் பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எது எங்கே என்று சொல்ல நல்ல பலகையும், விவரம் தெரிந்த உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும். நோணாங்குப்பத்துப் படகும், ஊர்ப் பெண்கள் பிடிக்கும் அகப்பையும் ஏற்கனவே தயார். புதிதாக ஒயின் ஆலை எதற்கு?

அன்றைக்குக் கப்பலில் இருந்து சரக்கு இங்கே இறங்கியது. இனி இங்கிருந்து சரக்குக் கப்பலில் ஏறட்டும். சரக்கின் பெயர்: தாளிப்பு வடகம்!