சாம்பலும் புளியும் குளோரினும்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எரிவாயு சிலிண்டருக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் காத்துக்கிடந்தனர். பல வீடுகளில் விறகடுப்பு மீண்டும் மூட்டப்பட்டது. அதனோடு சாம்பலும் குசினிக்குத் திரும்பியது. சவர்க்காரம், சலவைத்தூள் ஆகியவற்றின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றமையால், பாத்திரம் துலக்குவதற்கு எமது மூத்தோர் கையாண்ட பொருள்களைப் பலரும் நினைவுகூர நேர்ந்தது. அது நல்ல வழக்கமே. ஆயின், இயற்கைப் பொருள் என்றால் அதனை எதனோடும் கலக்கலாம் என்ற எண்ணமும் கூடவே பரவியிருப்பது கவலைக்குரியதாகும்.

வீட்டு அழுக்கில் பெரும்பகுதி இரு வகைப்பட்டது. ஒன்று எண்ணெய்ப் பிசுக்கு. மற்றையது நீரும் உலோகமும் விட்டுச்செல்லும் படிவு. முன்னையதற்குக் காரமும் பின்னையதற்கு அமிலமும் வேண்டும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மிகுதி யாவும் எளிது.

சாம்பல் காரத்தன்மை கொண்டது. மரச் சாம்பலிலுள்ள பொற்றாசியம் காபனேற்று நீரில் கரைந்து, பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெயின் ஒரு பகுதியைச் சவர்க்காரமாகவே மாற்றிவிடுகின்றது. சலித்த சாம்பலைச் சிறிது நீரில் குழைத்துத் தென்னந் தும்பினால் தேய்ப்பது, எமது பாட்டிமார் பெயரறியாமலே செய்துவந்த இரசாயனம் எனலாம். காரத்தை ஆங்கிலத்தில் குறிக்கும் 'அல்கலி' என்ற சொல்லே தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். சாம்பல் கிடைக்காத மாடிவீட்டுக்காரருக்கு அப்பச்சோடா உண்டு. அது சற்று மென்மையான காரம். அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் இவையிரண்டும் ஆகா. அவ்வுலோகத்தைக் காரம் அரித்துக் கறுக்கச் செய்யும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையினூடாக வருவது. அதனைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெண்ணிறமாகப் படிவது கல்சியம் காபனேற்று. எவ்வளவு சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அது அசையாது. வினாகிரியும் நீரும் சம அளவில் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஒரு மணி நேரம் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் கரைந்துவிடும். வினாகிரி இல்லையெனில் தேசிக்காய்ச் சாறு போதும். குத்துவிளக்கும் வெற்றிலை வட்டாவும் செப்புப் பாத்திரங்களும் பழப்புளிக்குப் பளிச்சிடுவதும், அதிலுள்ள அமிலம் உலோகத்தின் மேற்பூச்சான கறையைக் கரைப்பதனாலேயே. அதே காரணத்தால் சீமெந்துத் தரையிலும் சலவைக் கல்லிலும் அமிலத்தை ஊற்றுதல் கூடாது; கறையோடு தரையும் கரையும்.

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்து போத்தலில் வைத்துக்கொள்ளுமாறு பலர் பரிந்துரைக்கின்றனர். நுரை பொங்குவது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமப்படுத்திவிட, எஞ்சுவது பெரும்பாலும் உப்பு நீரே. தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டும் வேலை செய்யும்.

இக்கலவையால் நட்டம் பணம் மட்டுமே. குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்துடன் வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ சேர்த்தால் நிலைமை வேறு. உடனே குளோரின் வாயு வெளியேறும். மலசலகூடம் கழுவுவதற்கென விற்கப்படும் திரவங்கள் பலவற்றில் ஐதரோகுளோரிக் அமிலம் இருப்பதால் அவற்றோடு கலந்தாலும் இதே விளைவுதான். அமோனியா சேர்ந்தால் வேறொரு நச்சுவாயு உண்டாகும். குளோரின் காற்றைவிடப் பாரமானது. காற்றோட்டமற்ற சிறிய குளியலறையில், தரையருகே குனிந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேரே அது தங்கி நிற்கும். கண் எரிந்து இருமல் எடுத்தால் மிச்ச வேலையை முடிக்க முயலாது உடனே வெளியேறித் திறந்த வெளிக்குச் செல்லவேண்டும். மூச்சுவிடச் சிரமம் தொடர்ந்தால் வைத்தியசாலைக்குச் செல்லத் தாமதிக்கலாகாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அதற்காகக் குளோரினை வீட்டிலிருந்து விலக்கிவிடவும் முடியாது. 2020இல் கொவிட் பரவியபோது வாசலில் மஞ்சள் நீர் தெளித்தவர்கள் பலர். அவ்வாண்டிலேயே தட்டுப்பாட்டினால் மஞ்சளின் விலை விண்ணைத் தொட்டது. அவ்வாறு தெளித்ததனால் தொற்று தடுக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை. வினாகிரியும் தேசிக்காயும் அழுக்கை நீக்குமேயன்றி நோயாளியின் அறைக்கு நம்பத்தக்க கிருமிநாசினிகள் ஆகா. வயிற்றோட்டமோ வாந்தியோ உள்ள வீட்டில் முதலில் சவர்க்கார நீரால் தரையைக் கழுவித் துடைக்கவேண்டும். பின்னர் 5 சதவீத வெளிற்றும் திரவத்தில் 20 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் நீரில் கலந்து பூசி, 10 நிமிடங்கள் விட்டுத் தூய நீரால் கழுவலாம். அழுக்கு எஞ்சியிருந்தால் குளோரின் வலுவிழந்துவிடும் என்பதால் கழுவுவதே முதற்படி. கரைசலை அன்றன்று தயாரிப்பதோடு, மென்பானப் போத்தல்களில் ஊற்றி வைப்பதை முற்றாகத் தவிர்க்கவேண்டும். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்குப் போத்தலின் வடிவம் மட்டுமே தெரியும்.