10,080 வழியில் பங்கு போடலாம்!

பொட்டிபுரம் என்றாலே நியூட்ரினோவைத்தான் கேட்கிறார்கள். நான் எழுத வந்ததோ எங்கள் ஏலக்காய்ப் பங்குக் கணக்கு.

13 கிலோவை முழுக் கிலோவாகச் சமமாய்ப் பிரிக்க ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் பதின்மூன்று பேர். 12 கிலோ என்றால் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வழி உண்டு. 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சின்ன எண்களையெல்லாம் ஜெயிப்பவை 'உயர் பகு எண்கள்'. 1915-ல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது நம் ராமானுஜன் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். 1916-ல் பட்டம் கிடைத்ததும் இதற்காகத்தான்.

அவர் பட்டியலின் கடைசி எண் 6746328388800. ஆறே முக்கால் லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு! உடைத்துப் பார்த்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டுங்கள் (2-ஐ எடுக்காமலும் விடலாமில்லையா, அதனால்தான்). பிறகு பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2 = 10,080 வகுஎண்கள். சின்ன பகா எண்ணை அதிகமுறை போட்டால் எண் ரொம்பப் பெருக்காது, அதுதான் சூட்சுமம்.

வேடிக்கை என்னவென்றால், கையாலேயே போட்ட அந்தப் பட்டியலில் 293318625600 விட்டுப்போயிற்று. 5,040 வகுஎண் கொண்ட ஆசாமி. அதை 23-ஆல் பெருக்கினால் அந்தக் கடைசி எண்ணே வந்து நிற்கும்! நம்ம பத்திலக்கக் கால்குலேட்டரில் முழுசாய்த் தெரியாது நண்பர்களே, தாளில்தான் போட்டுப் பார்க்கணும்.