பாடிக்கொண்டே கிதார் வாசிப்பவருக்கு எந்த மைக்?

மின்னணுச் சாதனங்களும் இசைக்கருவிகளும் விற்கும் நமது உறுப்பினர்களின் கவனத்திற்கு ஒரு விஷயம். "நல்ல மைக் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வருபவர்கள் எல்லோரும் மேடைக்காகக் கேட்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து, கிதார் வாசித்தபடியே பாடிப் பதிவு செய்பவர்களும் இப்போது வருகிறார்கள்.

அப்படி வந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு, இருந்ததிலேயே விலை கூடிய கண்டென்சர் மைக்கைக் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். பாட்டை மீறிக் கிதார் கேட்கிறது, மின்விசிறியும் தெருவில் போகும் பஸ்ஸும் சேர்ந்து கேட்கின்றன என்றார். மைக்கில் பழுது இல்லை. விவரம் கேட்காமல் விற்றது என் பிழை. பிரித்த பெட்டி கடையில் தங்கி முதல் முடங்கியது. மாதக்கணக்கில் பணம் சேர்த்து வந்த பையனின் நம்பிக்கை போனது அதைவிடப் பெரிய நஷ்டம்.

சிக்கல் எங்கே?

வாசிப்பவரின் வாய்க்கும் கிதாருக்கும் இடையே அரை மீட்டர் அளவுதான் இருக்கும். ஒரே மைக்கில் இரண்டும் விழுந்துவிட்டால், பிறகு குரலை மட்டும் உயர்த்த முடியாது. கிதாரும் சேர்ந்தே உயரும். ஆகவே மைக் எந்தத் திசையில் கேட்கும், எந்தத் திசையில் கேட்காது என்பதுதான் விலையைவிட முக்கியம்.

கார்டியாய்டு எனப்படும் இதய வடிவ மைக் முன்பக்கம் நன்றாகக் கேட்கும். நேர் பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். இதை வாயை நோக்கிக் கீழிருந்து மேலாகச் சாய்த்து வைத்தால், அதன் பின்பக்கம் கிதாரைப் பார்க்கும். கிதார் ஒலி குறையும். எட்டு வடிவ மைக் முன்னும் பின்னும் கேட்கும். இரு பக்கவாட்டிலும் ஏறக்குறையச் செவிடு. அந்தப் பக்கவாட்டைக் கிதாருக்குக் காட்டி வைத்தால் குரல் நன்றாகப் பிரியும்.

தொலைவும் ஒரு கணக்கு. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். டைனமிக் மைக்கை வாயிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் வைத்துப் பாடினால், அரை மீட்டர் தள்ளியிருக்கும் கிதாரும் அறைச் சத்தமும் தாமே அடங்கும். 1966-இல் வெளிவந்த ஷ்யூர் எஸ்.எம். 58 இன்றும் விற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒன்று: பாட்டும் கிதாரும் ஒரே நேரத்திலா, தனித்தனியாகவா? தனித்தனியாகப் பதிவு செய்பவருக்கு ஒரு மைக் போதும். இரண்டாவது மைக்கை அவர் தலையில் கட்ட வேண்டாம்.

இரண்டு: அறை எப்படி? அமைதியான அறையானால், ஒரு கண்டென்சரை அரை மீட்டர் தள்ளி மார்பு உயரத்தில் வைத்து, மேலும் கீழும் நகர்த்திச் சமநிலை பார்த்துக்கொள்ளலாம். தெருச்சத்தம் உள்ள வீடானால் குரலுக்கு டைனமிக் மைக்கே நல்லது. கிதாருக்குத் தனி மைக் வைப்பவர், அதை 12-வது ஃபிரெட் நோக்கி வைக்க வேண்டும். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் அடித்தொனி முழங்கும்.

மூன்று: எதில் இணைக்கப் போகிறார்? கண்டென்சருக்குப் பொதுவாக 48 வோல்ட் பான்டம் பவர் தேவை. இரண்டு மைக் வைப்பவருக்கு இரண்டு உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸ் வேண்டும். ஒரே கணினியில் இரண்டு யு.எஸ்.பி. மைக்குகளைச் சேர்த்துப் பதிவு செய்வது தொல்லை. பின்னாளில் இரண்டாவது மைக் வாங்க நினைப்பவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கடையில் செய்ய வேண்டியது

ஒரு மைக்கை இன்டர்ஃபேஸிலும் ஹெட்போனிலும் இணைத்துக் கல்லாவுக்கு அருகில் வையுங்கள். நீங்கள் பேசிக்கொண்டே மைக்கை மெதுவாகத் திருப்புங்கள். குரல் எங்கே மங்குகிறது என்று வாடிக்கையாளர் தன் காதாலேயே கேட்கட்டும். மைக் பெட்டியில் கேபிள் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். கேபிளையும், ஸ்டாண்டையும், மூச்சுக்காற்று மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டரையும் சேர்த்து விலை சொல்லுங்கள். வீட்டுக்குப் போனபின் அது இல்லை, இது இல்லை என்று அவர் திண்டாடக் கூடாது.

அந்த மாணவருக்கு மைக்கை மாற்றி, அதைவிட விலை குறைந்த டைனமிக் ஒன்றைக் கொடுத்து, மீதிப் பணத்தையும் திருப்பித் தந்தேன். அன்று லாபம் குறைந்தது. பிறகு அவர் தம் நண்பர்கள் இருவரை அழைத்து வந்தார். இப்போது யார் மைக் கேட்டாலும், மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகே அலமாரியைத் திறக்கிறேன்.